சமாதானமா, வாய்தாவா?

சமாதானம் வாசல்வரை வந்தது, யாசர் அராபத்தான் கதவைச் சாத்திவிட்டார் என்று 2000-ம் ஆண்டைப் பற்றி இன்றளவும் பிரசாரம் நடக்கிறது. உண்மை என்ன?

அந்த ஆண்டு ஜூலை 11 முதல் 25 வரை அமெரிக்காவின் காம்ப் டேவிடில் ஜனாதிபதி கிளின்டனும், இஸ்ரேல் பிரதமர் பராக்கும், அராபத்தும் பேசினார்கள். எல்லை எது, ஜெருசலேம் யாருக்கு, அகதிகள் கதி என்ன என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. பழியோ அராபத் தலையில்!

நாம் கேட்கிறோம்: விட்டுக்கொடுத்தவர் யார்? 1993-லேயே இஸ்ரேலை அங்கீகரித்து, பழைய பாலஸ்தீன மண்ணில் 78 சதவீதத்தை விட்டார்கள். எஞ்சிய 22 சதவீதத்தைத்தான் கேட்டார்கள். அதிலும் பங்கு கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஐந்தாண்டு இடைக்காலம் 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முடியாதது மட்டுமா? 1993-ல் மேற்குக்கரையில் இஸ்ரேலியக் குடியேறிகள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். 2000-ல் 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல்! கிழக்கு ஜெருசலேம் கணக்கு தனி.

தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போனஸ் பேசலாம் வாருங்கள் என்று சங்கத்தை உட்கார வைத்துவிட்டு, பின்வாசலில் இயந்திரங்களை லாரியில் ஏற்றும் முதலாளியை நாம் அறியாதவர்களா?

செப்டம்பர் 28-ல் எதிர்க்கட்சித் தலைவர் ஷரோன், நூற்றுக்கணக்கான போலீசார் புடைசூழ அல்-அக்சா வளாகத்தில் நடந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. கல் எறிந்தவர்கள் மீது குண்டு பாய்ந்தது, பிணங்கள் விழுந்தன. தீ பரவியது. இரு தரப்பிலும் சாமானியர்கள் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பாலஸ்தீனர்கள்.

அதுவரை லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்கள் இஸ்ரேலில் கட்டட வேலையும் வயல் வேலையும் செய்து பிழைத்தார்கள். எல்லை அடைக்கப்பட்டது, கூலி நின்றது, அடுப்பு அணைந்தது. மாநாடு முறிந்தால் தலைவர்களுக்கு விமானம் காத்திருக்கும். கொத்தனாருக்குக் காத்திருப்பது சோதனைச் சாவடிதான்!

டிசம்பர் 23-ல் கிளின்டன் புதுத் திட்டம் ஒன்றை நீட்டினார். அவர் பதவி முடிய இருந்ததோ நான்கே வாரம்! 2001 பிப்ரவரி 6-ல் ஷரோன் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேச்சு முடங்கியது.

பேச்சே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பேசித்தான் தீர வேண்டும். ஆனால் பேச்சு தொடங்கும் நாளிலேயே பறிப்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதற்குப் பெயர் சமாதானமல்ல. நிலத்தைப் பறிப்பவனுக்குக் கொடுக்கும் வாய்தா!