டப்பா பாலுக்குச் சீட்டு எழுதுவது யார்?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அநேகமாக ஒழிந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் நாடு முழுவதும் 63.7 சதவீதம், இங்கே 55.1. மருத்துவத்துக்குப் பேர்போன மாநிலம் இதில் தேசிய சராசரிக்கும் கீழே நிற்கிறது.

பழி மட்டும் தாயின் தலையில் விழுகிறது. “இவளுக்குப் பால் பத்தலை” என்று உறவினர்கள் சொல்கிறார்கள், நர்ஸ் சொல்கிறார், கடைசியில் அவளே அதை நம்பிவிடுகிறாள்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் பிரசவ வார்டின் முதல் ராத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. அதே ஆய்வின்படி, மாநிலத்தின் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 63-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் சிசேரியன். ஆபரேஷன் முடிந்த தாய் ஓர் அறையில், குழந்தை வேறோர் அறையில். தையல் வலியில் திரும்பிப் படுக்க முடியாதவளின் மார்பில் குழந்தையைப் பிடித்து வைத்துப் பழக்க, ராத்திரி டியூட்டியில் ஆள் இருப்பதில்லை. குழந்தை வீறிட்டதும் ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. அப்பா கீழே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார். பாட்டி வெந்நீரில் பவுடரைக் கரைத்துப் பாலாடையில் புகட்டுகிறார். குழந்தை தூங்கிவிடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி.

பிறந்த அன்று ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே குழந்தைக்குத் தாராளம். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பா பாலில் வயிறு நிறைந்து தூங்கும் குழந்தை சப்புவதில்லை. பால் தேவை என்று தாயின் உடம்புக்குத் தெரிவதும் இல்லை. இரண்டு மூன்று நாளில் பால் இறங்கும்போது, சப்பிப் பழகாத குழந்தை காம்பைப் பிடிக்கத் தெரியாமல் திணறுகிறது. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்கிறது. அந்த வலியோடு வீடு திரும்புகிறவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுத்து என்ன பயன்? முதல் நாளே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

உண்மையிலேயே பால் சுரக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகள், தீவிர சிகிச்சையில் இருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி நடக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக டப்பா பால் கொடுப்பதில் எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. ஆளில்லாத குறைக்கு அதைக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

டப்பா பாலுக்கு விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது, மருத்துவப் பணியாளருக்கு நிறுவனங்கள் பரிசு தரக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. மாநில சுகாதாரத் துறை இன்னும் ஒரு படி போக வேண்டும். டப்பா பால் தரும் ஒவ்வொரு முறையும் மருத்துவக் காரணம் கேஸ் ஷீட்டில் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், முதல் ஒரு மணி நேரத்தில் பால் பெற்ற குழந்தைகளின் கணக்கை வெளியிட வேண்டும். ராத்திரியிலும் பாலூட்டப் பழக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வார்டில் இருந்தாக வேண்டும்.

வார்டைத் தாண்டினால் வேலை. மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் அவளுக்கான விடுப்பை 26 வாரமாக்கியது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்பதும் சட்டம்தான். நாளெல்லாம் நின்றே துணி விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-ல் சட்டமாக்கியது இந்த மாநிலம். உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் மாடி மாடியாக எழுந்திருக்கும் கடைகளில் எதில் காப்பகம் இருக்கிறது என்று தொழிலாளர் துறை போய்ப் பார்த்துப் பட்டியல் வெளியிடட்டும்.

2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்து வழிகாட்டியதும் தமிழ்நாடுதான். பொது இடங்களில் அத்தகைய அறைகள் வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. தீபாவளிக் கூட்டத்தில் டிரையல் ரூமில் ஒளிந்து பால் கொடுக்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

இந்த விடுப்புச் சட்டங்கள் எட்டாதவர்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள். கூடுதலாக ஒரு மாதம் வேலைக்கு வராமல் இருந்தால் வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஆறு மாதக் கூலியை வீட்டுப் பணியாளர் நலவாரியம் வழியாக அரசு தர வேண்டும். அதுவரை, அந்த வேலையை அவர்களுக்காகவே வைத்திருப்பதும், முடிந்த அளவு சம்பளத்தைத் தொடர்ந்து கொடுப்பதும் வீட்டுக்காரர்களின் பொறுப்பு.