போவா பாடியது யாருடைய பாட்டு?

2010 சனவரி 26 அன்று போர்ட் பிளேரில் போவா சீனியர் காலமானார். அகவை ஏறத்தாழ 85. பெருந்தமானியர் எனப்படும் மக்களின் பத்துக் கிளைகளுள் ஒன்றான 'போ' மக்களின் மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அடுத்த சில நாள்களில் உலகின் பெரிய நாளேடுகள் பலவும் ஏறக்குறைய ஒரே தலைப்பை வெளியிட்டன: 65,000 ஆண்டுப் பழமை கொண்ட குரல் ஓய்ந்தது. பேச ஆளின்றி அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்ற செய்தி திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. அவர் பாடிய ஒலித்துணுக்கும் பரவியது. கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். அந்தப் பாட்டை ஆக்கியவர் யார் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

இதே உலகம் ஒரு சோல் இசைப் பாடகியின் புதிய தொகுப்பு வெளிவரும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறது. எந்த வீட்டில் அமர்ந்து எழுதினார், எந்த மெட்டைக் கைவிட்டார், பின்பாட்டுக்கு யாரை அழைத்தார் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறது. அரீத்தா பிராங்ளின் 1967இல் 'ரெஸ்பெக்ட்' பாடலைப் பதிவு செய்தபோது அக்காள் எர்மாவும் தங்கை கரோலினும் பின்பாட்டுப் பாடினார்கள் என்பதும், அப்பாடலை முதலில் எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங் என்பதும் இசையார்வலர் அனைவரும் அறிந்த செய்திகள். டெட்ராய்ட்டில் வளர்ந்த பாடகிக்கு ஓர் ஆக்கமுறை உண்டு. அந்தமானின் பாடகிக்குப் 'பழமை' மட்டுமே உண்டு. இந்தப் பாகுபாட்டை இதழாளர்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவை மானிடவியலும் மொழியியலும்தாம்.

பெருந்தமானியரின் பாடலாக்க முறை அறியப்படாத ஒன்றன்று என்பதே இதில் வியப்பு. 1906 முதல் 1908 வரை அத்தீவுகளில் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியிட்ட நூலில் அதைத் தெளிவாகவே விளக்கியுள்ளார். ஒவ்வோர் ஆடவனும் தன் பாடல்களைத் தானே ஆக்குகிறான். சிறுவர்கள் இளமையிலேயே அதில் பழகத் தொடங்குகிறார்கள். தோணி குடையும்போதோ வில் செதுக்கும்போதோ துடுப்புப் போடும்போதோ, புதிய பாட்டை மனத்துக்கு நிறைவு தரும்வரை மெல்லிய குரலில் திரும்பத் திரும்பப் பாடிப் பார்க்கிறான். பிறகு ஓர் ஆட்ட இரவுக்காகக் காத்திருக்கிறான். அதற்கு முன்பே தன் உறவுப் பெண்கள் ஓரிருவருக்குப் பல்லவியைச் சொல்லிக்கொடுத்து விடுகிறான். ஆட்டக்களத்தில் மற்றப் பெண்களை வழிநடத்திப் பாட வேண்டியவர்கள் அவர்களே. எர்மாவும் கரோலினும் செய்த வேலை அது. பாட்டு எடுபட்டால் பலமுறை பாடப்பட்டு அவனுடைய பாட்டுக் கையிருப்பில் சேர்கிறது. எடுபடாவிட்டால் அதைக் கைவிட்டுவிடுகிறான். சிறந்த பாடலாசிரியர்கள் என்று தனியே பெயர் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆட்டக்களத்தில் பிறர் ஆக்கிய பாட்டை எவரும் பாடுவதில்லை. மரபுப் பாடல் என்ற ஒன்று அவர்களிடம் இல்லவே இல்லை என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்த இறுதிச் செய்தியைச் சற்று நின்று நோக்க வேண்டும். நாட்டார் வழக்காற்றியல் பாடத்திட்டங்கள் 'பழங்குடிப் பாடல்' என்பதற்கு வழங்கும் முதல் மூன்று அடைமொழிகள் ஆசிரியர் அற்றது, மரபுவழி வருவது, கூட்டுப் படைப்பு என்பன. உலகின் மிகத் 'தொன்மையான' மக்கள் என்று எந்த மக்களைக் காட்டி இப்பாடம் நடத்தப்படுகிறதோ, அவர்களிடம் இம்மூன்றும் பொருந்தவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு பாட்டும் புதியது. கூட்டத்தின் வேலை பல்லவி பாடுவதும் ஏற்பதும் மறுப்பதும். 65,000 ஆண்டுப் பழமையான பாட்டு என்பது, அம்மக்களின் சொந்தக் கலைக்கொள்கைப்படியே, இருக்க முடியாத பொருள். 'எந்த மொழியும் பிற மொழியைவிட வயதில் மூத்ததன்று' என்று முதலாண்டு மொழியியல் மாணவருக்குக் கற்பிக்கும் துறை இந்தத் தலைப்புகளை மறுக்காமல் வாளாவிருந்தது. (மூத்த மொழிப் பெருமையில் திளைக்கும் தமிழ்ச் சூழலில் இதைக் கேட்க ஆள் கிடைப்பதும் அரிது.)

ராட்கிளிஃப்-பிரவுனிடமே சிக்கல் தொடங்குகிறது. நூலின் விளக்கப் பகுதியில் துடுப்பும் கையுமாய்ப் பாட்டை முணுமுணுத்துத் திருத்திய கலைஞனைப் பார்த்தவர், கோட்பாட்டுப் பகுதிக்கு வந்ததும் அவனைச் சமுதாய ஒருமைப்பாட்டில் கரைத்துவிடுகிறார். ஆட்டமும் பாட்டும் குழுவை ஒன்றாகப் பிணைக்கும் கருவிகள் ஆகின்றன. பிணைக்கட்டும். ஆனால் ஒருவனுடைய பாட்டு வென்று மற்றொருவனுடைய பாட்டு தோற்றது ஏன் என்ற கேள்விக்கு அக்கோட்பாட்டில் இடமில்லை. பின்வந்தோர் படித்தது பெரும்பாலும் கோட்பாட்டைத்தான்.

மொழியியலின் பிழை வேறு வகையானது. தென்னந்தமான் மக்களோடு நெடுங்காலம் பழகிய இ. எச். மேன், 1880களில் ஒரு நுட்பமான செய்தியைப் பதிவு செய்தார். பாட்டில் வரும் சொற்கள் யாப்புக்காகப் பெரிதும் உருமாறுகின்றன. ஆகவே புதிய பாட்டை ஆக்கியவர் பல்லவி பாடுவோருக்கும் கேட்போருக்கும் அதன் பொருளைப் பேச்சுவழக்கில் விளக்கிச் சொல்லவும் நேர்கிறது. 1888இல் போர்ட்மன் அந்தமானிய இசையைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். கேடயம்போல் குடைந்த மரப்பலகையைக் காலால் மிதித்துப் பாடகர் தாளம் கொடுப்பதும், பெண்கள் வரிசையாக அமர்ந்து தொடையில் கைதட்டிப் பல்லவி பாடுவதும் அக்கால எழுத்துகளில் விரிவாகவே கிடைக்கின்றன. இவ்வளவு இருந்தும், பாட்டில் சொல் உருமாறுவதை அந்த ஆங்கிலேயர்கள் 'சிதைவு' என்றே கண்டார்கள். பிற்கால மொழியியலும் பாட்டுமொழியைக் கழித்துவிட்டு எஞ்சிய பேச்சையே 'தரவு' என்று கொண்டது.

தமிழ் இலக்கணம் படித்த எவரும் இந்த இடத்தில் துணுக்குற்றிருக்க வேண்டும். வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று செய்யுள் விகாரத்தை வகைப்படுத்திய நன்னூல் அதைச் சிதைவென்று சொல்லவில்லை. செய்யுளின் இலக்கணத்தில் சேர்த்தது. தொல்காப்பியத்திலும் இக்கருத்துக்கு இடமுண்டு. பவணந்தியின் மாணவர் ஒருவர் 1880களில் அந்தமானில் இருந்திருந்தால் ஆகா-பியா மொழிக்கு ஒரு விகார இயல் கிடைத்திருக்கும் என்பது வெறும் கற்பனைதான். ஆயினும் தமிழ்த் துறைகளிலிருந்து மொழியியலுக்கு வருவோர் தம் கையில் இருந்த இக்கருவியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்கள் என்பது கற்பனையன்று.

அன்விதா அப்பி 2005 முதல் மேற்கொண்ட ஆவணப்பணி இல்லாதிருந்தால் போவாவின் பெயரைக்கூட இன்று எவரும் அறிந்திரார். உடற்பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு பெயரையும் வினையையும் வகைப்படுத்தும் அம்மொழியின் இலக்கண அமைப்பை அவர் வெளிக்கொணர்ந்தது பெரிய சாதனை. அகராதி, இலக்கணம் ஆகியவற்றுக்குப் பின், 2021இல் அவர் வெளியிட்ட நூலில் 10 கதைகளும் 46 பாடல்களும் உள்ளன. பாடியவர்களின் குரலும் முகமும் உடன் கிடைக்கின்றன. எனவே இங்கு எழுப்பப்படும் வழக்கு அந்தத் தனி ஆய்வாளர் மீதானதன்று. கடைசிப் பேச்சாளரைத் தேடிச் செல்லும் ஒரு துறையின் பழக்கத்தின் மீதானது. அத்துறை ஒரு மொழி இறப்பதைப் பேசுவோர் எண்ணிக்கையால் அளக்கிறது. பெருந்தமானியர் 1901இல் 625 பேர். 1961இல் 19 பேர். அதன்பின் அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. வீட்டுமொழி இந்தியாயிற்று. இந்த எண்களுக்கு நடுவே எந்த ஆண்டில் புதிய பாட்டு ஆக்குவது நின்றது? அந்த இறப்பு பேச்சாளரின் இறப்புக்கு முந்தியது. அதற்கு ஆண்டும் இல்லை, இரங்கற் குறிப்பும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ராட்கிளிஃப்-பிரவுன் கண்டது நூறாண்டுக்கு முந்திய நிலை. போவாவின் காலத்தில் ஒருவர் பாட்டை மற்றவர் பாடும் வழக்கம் வந்திருக்கலாம். அவர் பாடியவற்றுள் தாயிடமோ கணவரிடமோ கேட்டவையும் இருக்கலாம். இருக்கட்டும். அப்படியாயின் அந்த மாற்றமே முதன்மையான ஆய்வுப்பொருள். ஆக்கியவரே பாட வேண்டும் என்ற நெறி கொண்ட ஒரு மரபில், இறந்தவரின் பாட்டைத் தாம் சுமப்பது என்று ஒரு பெண் முடிவு செய்வது சிறிய செயலன்று. அது தெரிந்தெடுத்தல், ஓர் ஆசிரியரின் வேலை. 'மரபைப் பாடினார்' என்று எழுதுபவர் அந்த முடிவையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

தமிழ் நாட்டார் ஆய்வுக்கும் இவ்வழக்கில் பங்குண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் திரட்டிய தொகுப்புகள் பலவற்றில் பாட்டின் கீழே ஊர்ப்பெயர் இருக்கும், மாவட்டம் இருக்கும், சிலவற்றில் சாதிப்பெயரும் இருக்கும். பாடிய பெண்ணின் பெயர் இராது. திரட்டியவர் பெயரோ அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். அதே இறந்தவருக்காக அடுத்தடுத்து அமர்ந்த இரு பெண்கள் சொல்லும் ஒப்பாரி ஒன்றாக இருப்பதில்லை என்பது துட்டி வீட்டுக்குப் போன எவருக்கும் தெரியும். யார் நன்றாகச் சொல்லி அழுவார் என்பதும் ஊருக்குத் தெரியும். கல்வித்துறைக்கு மட்டும் அது 'மக்கள் பாடல்'.

இத்தனைக்கும் பெயர் தொலைந்த புலவனைப் பெயரின்றி விடக் கூசிய மரபு இது. குறுந்தொகையில் ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்களுக்கு அவற்றின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் என்று வழங்கினார்கள். தெரியாத பெயருக்குப் பதிலாக ஒரு பெயரை ஆக்கிக்கொடுத்தவர்களின் வழிவந்தோர், ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து தன் பெயரைச் சொன்ன பெண்ணைத் 'தகவலாளி' என்று எழுதுகிறார்கள்.

சட்டம்கூட இவ்வகையில் ஆய்வுலகை முந்திவிட்டது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை வழங்குகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம் நிகழ்த்துதல் தம்முடையதென்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் அவருக்கு அளித்தது. திரையிசைப் பாடகர்களுக்குப் பயன்படும் இதே விதி, களப்பணியில் பதிவாகும் குரலுக்கு மட்டும் பொருந்தாது என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.

செய்ய வேண்டியது பெரிதொன்றும் இல்லை. தரவுப் படிவத்தில் 'பாடியவர்' என்ற கட்டத்துக்கு அருகில் 'ஆக்கியவர்' என்று ஒரு கட்டம் வேண்டும். அதன்கீழ் இன்னும் சில: எந்த வேலையின்போது ஆக்கப்பட்டது, பல்லவியை முதலில் கற்றவர் யார், எடுபடாமல் கைவிட்ட பாட்டு ஏதும் நினைவில் உண்டா. முனைவர் பட்டப் படிவங்களின் நீளத்தோடு ஒப்பிட்டால் இது நான்கு வரி. கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த வெறுமையும் அச்சில் தெரியட்டும்.

போவாவின் பாடல்கள் ஒலிவாங்கியின் முன் தனிக்குரலில் பதிவானவை. அவர் மொழியில் பல்லவி எடுக்க இரண்டாவது பெண் எவரும் அப்போது உயிரோடு இல்லை.