லென்ஸைக் கழட்டிட்டு அருவிக்குப் போங்க!

கொல்லிமலை டூர் ரெடியா? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கைக் குளியல், ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு ரவுண்டு... ஜமாய்ங்க! ஆனா, கான்டாக்ட் லென்ஸ் போடுற பார்ட்டின்னா இதைப் படிச்சுட்டு பஸ் ஏறுங்க.

ஆலத்தூர் நாடு மாதிரி விவசாய ஊர்கள்ல, வேலை செய்யும்போது நெல் தாளோ செடியோ கண்ணைக் கீறிடும். அந்தக் கீறல் வழியா பூஞ்சை நுழைஞ்சா கருவிழியில புண். 1994-ல மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில, 3 மாசத்துல கருவிழிப் புண்ணோட வந்த 434 பேரை ஆராய்ஞ்சாங்க. மூணுல ரெண்டு பேருக்குக் கண்ணுல அடிபட்டிருந்துச்சு. சிக்கின பூஞ்சைகள்ல முதலிடம், மண்ணுலயும் செடியிலயும் வாழுற ஃபியூசேரியத்துக்கு!

'நாம என்ன நாத்தா நடுறோம்?'னு கேட்கிறீங்களா? அதே ஃபியூசேரியம்தான் 2006-ல சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கானு லென்ஸ் போட்டவங்களைப் பதம் பார்த்துச்சு. அமெரிக்காவுல மட்டும் உறுதியானது 164 பேர். அதுல சுமார் மூணுல ஒருத்தருக்கு விஷயம் கருவிழி மாற்று ஆபரேஷன் வரைக்கும் போச்சு. பலர் பயன்படுத்தினது 'ரீநியூ மாய்ஸ்ச்சர்லாக்' சொல்யூஷன். அந்த வருஷம் மே மாசம் உலகம் முழுக்க அதை வாபஸ் வாங்கினாங்க. டப்பாவுல இருந்த பழைய சொல்யூஷன் மேலேயே புதுசை ஊத்தினதும் ஆபத்தைக் கூட்டுச்சாம்!

அருவித் தண்ணியில இன்னொரு வில்லன் உண்டு: அகாந்தமீபா. ஹாஸ்டல் குழாய்த் தண்ணியிலயும் இருக்கலாம். லென்ஸுல ஒட்டிக்கிட்டா கருவிழிக்கு நேரா இறங்கும். ட்ரீட்மென்ட் மாசக்கணக்குல இழுக்கும்.

அதனால...

* அருவி, நீச்சல் குளம், ஷவர் - எங்கேயும் லென்ஸோட நனையாதீங்க. டூர் பையில கண்ணாடி கட்டாயம்.

* கையை சோப்பு போட்டுக் கழுவி, நல்லா துடைச்ச பிறகே லென்ஸைத் தொடுங்க.

* லென்ஸைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. எச்சில்? சான்ஸே இல்ல!

* டப்பாவுல தினமும் புது சொல்யூஷன். டப்பாவையே 3 மாசத்துக்குள்ள மாத்துங்க.

* லென்ஸோட தூங்காதீங்க. ரூம்மேட் லென்ஸைக் கடன் வாங்காதீங்க.

கண் சிவந்து, வலிச்சு, வெளிச்சம் பார்த்தா கூசுதா? உடனே லென்ஸைக் கழட்டுங்க. மெடிக்கல் ஷாப்புல நீங்களா சொட்டு மருந்து வாங்காதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்! லென்ஸையும் டப்பாவையும் எடுத்துக்கிட்டு அன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க, அதையும் டெஸ்ட் பண்ணுவாங்க. 'டூர் முடியட்டும், பார்த்துக்கலாம்'னு தள்ளிப் போடாதீங்க பாஸ். பார்க்கக் கண்ணு வேணும்ல!