விடுபட்டவர்களையும் எண்ணுங்கள்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

"தந்தையாரின் ஆண்டு வருமானம் எவ்வளவு?" எந்தப் படிவத்தை எடுத்தாலும் இந்தக் கேள்விதான் நம்மை வரவேற்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிடுவான். என் தந்தையார் கட்டட வேலைக்குப் போகிறவர். வேலை இருந்தால் கூலி. மழை வந்தால் வீடு. நான் எதை எதனால் பெருக்குவது? செய்முறைப் பாடத்திற்காக எங்கள் வகுப்பிலேயே புள்ளிவிவரம் திரட்டியபோது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

அட்டவணையைக் கணிப்பொறியில் ஏற்றி, 'ஆர்' மொழியில், ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த வருமானமுள்ளோரை வடிகட்டினோம். என் பெயர் வரவில்லை. சரியென்று, அத்தொகையும் அதற்கு மேலும் உள்ளோரை வடிகட்டினேன். அங்கும் நான் இல்லை! ஏழையும் அல்லேன், செல்வனும் அல்லேன், வகுப்பிலேயே இல்லாதவனாகிவிட்டேன். என்னோடு காணாமற்போனவர்கள் யாரென்று விசாரித்தால், பெரும்பாலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வறியவர்களைத் தேடப் போட்ட சல்லடை வறியவர்களையே கீழே தள்ளிவிட்டது.

காரணம் எளியது. விடுபட்ட மதிப்பை 'ஆர்' மொழி 'என்.ஏ.' என்று குறிக்கிறது. அது 50ஐவிடப் பெரிதா என்று கேட்டால் 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. தெரியாது என்னும் பொருளில் மீண்டும் 'என்.ஏ.' என்றே சொல்லும். ஓர் 'என்.ஏ.' இன்னோர் 'என்.ஏ.'வுக்குச் சமமா என்று கேட்டாலும் அதே விடைதான்! 'ஃபில்டர்' கட்டளையோ 'ஆம்' என்று வந்த வரிசைகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 'தெரியாது' என்பது 'இல்லை'யோடு சேர்ந்து ஓசையின்றி வெளியேறிவிடும்.

நம்பாதவர்கள் 'ஆர்' மொழியுடனேயே வரும் 'ஏர்குவாலிட்டி' அட்டவணையைத் திறந்து பாருங்கள். 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை, 153 நாட்களின் நியூயார்க் காற்றுக் கணக்கு அது. ஓசோன் 50க்கு மேற்பட்ட நாட்களை ஒருபுறமும், 50க்கு மேற்படாத நாட்களை மறுபுறமும் வடிகட்டிக் கூட்டினால் 116தான் வரும். 37 நாட்கள் எங்கே? அவற்றில் 21 நாட்கள் ஜூன் மாதத்தவை. முப்பது நாள் ஜூனில் எஞ்சுவன ஒன்பதே. அந்த ஒன்பதைக் கொண்டு ஜூன் மாதக் காற்றுக்கு நற்சான்று எழுதலாமா?

"முதலிலேயே 'என்.ஏ. ஒமிட்' போட்டுவிடு, தொல்லை விட்டது" என்பது மூத்த மாணவர்கள் தரும் அறிவுரை. போட்டால் அதே அட்டவணையில் 42 வரிசைகள் போய்விடும். வெப்பநிலை ஒரு நாளுக்கும் விடுபடவில்லை. ஆயினும் வெப்பநிலையை மட்டும் ஆராய்பவனுக்கும் அந்த 42 நாட்கள் நட்டம்! சுழியத்தை இட்டு நிரப்பச் சொல்வோரும் உண்டு. கூலி எவ்வளவென்று தெரியாததும் கூலியே இல்லாததும் ஒன்றா?

கணிப்பொறியை மட்டும் குறை கூற மாட்டேன். சராசரி கேட்டால், ஒரே ஒரு 'என்.ஏ.' இருந்தாலும் 'என்.ஏ.' என்றே நேர்மையாகச் சொல்கிறது; நீக்கிவிடு என்று கட்டளையிடுபவர்கள் நாம்தாம். சதுர அடைப்புக்குறி கொண்டு வடிகட்டினால் வெறும் 'என்.ஏ.' வரிசைகள் வந்து நிற்கும். பலர் அதைச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. 'ஸ்டேட்டா' என்னும் மென்பொருளிலோ விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும்விடப் பெரியது. அங்கே வடிகட்டியிருந்தால் நான் பெருஞ்செல்வனாகியிருப்பேன்!

நண்பர்களே, நம் செய்முறைப் பதிவேட்டில் வடிகட்டிய ஒவ்வோர் அட்டவணைக்கும் மேலே ஒரு வரி எழுத வேண்டும் என்பது என் கருத்து: மொத்தம் இத்தனை, தேறியவை இத்தனை, தேறாதவை இத்தனை, தெரியாதவை இத்தனை. தெரியாதவற்றை அடையாளம் காட்ட 'இஸ்.என்.ஏ.' என்ற கட்டளை இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண் உண்டோ இல்லையோ, நான் எழுதத் தொடங்கிவிட்டேன். அடுத்த ஆண்டுக்கான வினாப்படிவத்தில், வருமானக் கட்டத்திற்குப் பக்கத்தில் 'நாட்கூலி' என்று ஒரு கட்டமும், 'சென்ற மாதம் எத்தனை நாள் வேலை?' என்று ஒரு கட்டமும் சேர்க்கும்படி எங்கள் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.