கம்பு முதலில், சங்கிலி பிறகு

பள்ளி ஆண்டு விழாவானாலும் கோயில் திருவிழாவானாலும், மேடையில் ஒரு பிள்ளை நுன்சாக் சுழற்றினால் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. அந்த வேகமும் காற்றைக் கிழிக்கிற ஓசையும் அப்படி. அடுத்த வாரமே இன்னும் நாலு பிள்ளைகள் அது வேண்டுமென்று வீட்டில் அடம்பிடிக்கிறார்கள். அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடலைப் பழக்கத் தூண்டுகிற எந்த ஆசையும் நல்ல ஆசைதான். ஆனால் மேச்சேரி போன்ற ஒரு பேரூரில் நுன்சாக் கற்க விரும்பும் பிள்ளை எங்கிருந்து தொடங்குவது? இணையத்தில் வாங்கிய ஒரு ஜோடிக் கட்டையும் செல்போனில் ஒரு காணொளியும் போதும் என்பதுதான் இன்று பல வீடுகளில் கிடைக்கிற பதில். அது தவறான பதில் என்று நினைக்கிறேன். நுன்சாக் கற்க வேண்டியவர் முதலில் சிலம்பக் கம்பைப் பிடிக்க வேண்டும். ஊர்ப்பற்றினால் இதைச் சொல்லவில்லை. அந்தக் கருவியின் இயல்பே அப்படிக் கேட்கிறது.

நுன்சாக் என்பது ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள இரண்டு கட்டைகள், நடுவே நாலைந்து அங்குலக் கயிறு அல்லது சங்கிலி. ஒரு கட்டை கையில் இருக்கிறது, மற்றது காற்றில். கையில் இருப்பது சொன்னபடி கேட்கும், காற்றில் இருப்பது கேட்காது. கயிற்றால் இழுக்க முடியும், தள்ள முடியாது என்பதே காரணம். முழுக் கம்பை வீசும்போது மறுமுனை எங்கே போகிறது என்று மணிக்கட்டுக்கு ஒவ்வொரு கணமும் தெரியும். வேண்டாமென்றால் பாதி வழியில் நிறுத்தலாம், திருப்பலாம். நுன்சாக்கில் கையை நிறுத்தினாலும் மறுகட்டை நிற்பதில்லை. கயிறு விடுகிற வட்டத்தில் சுற்றிவந்து முழங்கையிலோ பின்மண்டையிலோ நெற்றியிலோ இறங்குகிறது. எதன்மீதாவது மோதினால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். கட்டை இலேசாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. சுழற்றுவதை எந்தச் சிறுவனும் பத்து நிமிடத்தில் தானே கண்டுகொள்வான். ஓடுகிற கட்டையை அக்குளிலோ தோளுக்குப் பின்னாலோ இடுப்பின் பக்கமோ சரியான கணத்தில் பிடித்து அடக்குவதுதான் வித்தை. அதற்குக் கால் சரியான இடத்தில் நிற்க வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும், மணிக்கட்டு எட்டு வடிவ வீச்சுக்குப் பழகியிருக்க வேண்டும். மூன்றும் கம்பில் வருபவை.

சிலம்ப வாத்தியார்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். சுருள்வாளை முதல்நாள் வந்த மாணவன் கையில் யாரும் கொடுப்பதில்லை. வணக்கம், காலடி, ஒற்றைக் கம்பு வீச்சு, பிறகு இரட்டைக் கம்பு, மான்கொம்பு என்று போய், வளைகிற கருவி கடைசியில்தான் வரும். விறைப்பான கருவி தவற்றைக் காட்டிக்கொடுக்கிறது, வளைகிற கருவி தவற்றுக்குத் தண்டனை கொடுக்கிறது. முன்னதில் தேறியவர்களுக்கே பின்னது என்ற ஒழுங்கு அனுபவத்தில் பிறந்தது. நுன்சாக்கின் தாயகமான, ஜப்பானின் ஒகினாவாவிலும் ஏறத்தாழ இதே வரிசைதான். அங்கே ஆயுதக் கலைக்கு கொபுடோ என்று பெயர். பெரும்பாலான பயிற்சிக்கூடங்களில் ஆறடித் தடியான போ முதலில், மற்றவை பின்னால். நுன்சாக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் புரூஸ் லீ. 1973இல் வெளியான 'எண்டர் தி டிராகன்' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் அதைப் பார்த்துக் கட்டையும் கயிறுமாகக் கிளம்பிய இளைஞர்கள் உண்டு. அவர்கள் திரையில் பார்க்காத ஒன்று இருக்கிறது. பதின்வயதிலேயே ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் என்ற தற்காப்புக் கலையைப் பயின்று, பல ஆண்டு உடற்பயிற்சிக்குப் பிறகே லீ நுன்சாக்கை எடுத்தார். அதை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் டான் இனோசாண்டோ, பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டையில் தேர்ந்தவர். 1972இல் படமாக்கப்பட்டு 1978இல் வெளிவந்த 'கேம் ஆஃப் டெத்' படத்தில் லீயை எதிர்கொள்ளும்போது இனோசாண்டோ முதலில் எடுப்பது இரண்டு குறுங்கம்புகள், அதன் பிறகுதான் நுன்சாக். மூன்று நாட்டுக் கலைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒரே வரிசைக்கு வந்திருக்கின்றன என்றால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஒகினாவாக்காரர்களின் கதிரடிக்கும் தடியே நுன்சாக் ஆனது என்று பலரும் சொல்வார்கள். குதிரைக் கடிவாளத்திலிருந்து வந்தது என்போரும் உண்டு. இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. மேச்சேரி வட்டார மானாவாரி நிலங்களில் கொள்ளையும் எள்ளையும் தடியால் அடித்துப் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு முதல் கதை நம்பும்படியாக இருக்கும் என்பது மட்டும் உண்மை.

ஆக, தொடக்கம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு பள்ளிப் பருவமாவது கம்போடு கழிய வேண்டும். தரையிலிருந்து புருவ மத்தி வரை நீளமுள்ள பிரம்போ மூங்கிலோ போதும். காலடி மாறும்போது உடல் எடை எங்கே போகிறது என்பதும், எதிரில் நிற்பவருக்கும் தனக்கும் இடையே எத்தனை எட்டு என்பதும் கண்ணாலன்றிக் காலால் தெரிய வேண்டும். வலக்கை செய்வதை இடக்கையும் செய்ய வேண்டும். நுன்சாக்கில் கட்டை கைமாறும் கணத்தில்தான் பெரும்பாலான அடிகள் விழுகின்றன, பழகாத கைதான் அதை வாங்குகிறது. இதன் பிறகு நுன்சாக் வாங்கும்போது மரத்தையும் எஃகையும் விட்டுவிட்டு ஸ்பாஞ்சு உறையிட்டதை வாங்க வேண்டும். பேரிங் வைத்த சங்கிலி தடையில்லாமல் சுழலும், அதுதான் தொடக்கக்காரருக்கு ஆபத்து. கயிறு கொஞ்சம் மந்தமானது, அந்த மந்தம் நல்லது. கட்டை உள்ளங்கை நடுவிலிருந்து முழங்கை வரை இருந்தால் போதும். உள்ளங்கையின் குறுக்கே கயிற்றைப் போட்டால் இரு கட்டைகளும் இருபக்கமும் நேராகத் தொங்க வேண்டும், அதுவே கயிற்றின் அளவு. முதல் சில நாட்கள் ஒரே ஒரு வேலை: கட்டையைத் தோள்மேல் போட்டு முதுகுப்புறம் மறுகையால் பிடிப்பது, அக்குளில் அடக்குவது, மெதுவாக, நின்று நின்று. கயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தால் கட்டுப்பாடு கூடும், வேகம் குறையும்; அங்கிருந்து தொடங்கிக் கை மெல்லக் கீழே இறங்கலாம். எட்டு வடிவ வீச்சு அதற்குப் பிறகு. சுற்றிலும் மூன்று மீட்டருக்குள் ஆளோ சன்னலோ இருக்கக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், உடன் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மரக்கட்டைக்கு மாறுவது எப்போது என்பதை வாத்தியார் சொல்லட்டும், காலண்டர் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டி, ஆணியடித்துச் சங்கிலி மாட்டி வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. வேகமாகச் சுழலும்போது ஆணி பிடுங்கிக்கொண்டால் பறக்கிற துண்டு சுழற்றுபவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கிற தம்பி தங்கையைத்தான் தேடிப் போகும்.

கராத்தேயும் நுன்சாக்கும் பார்த்து வருகிற பிள்ளையைச் சிலம்பத்துக்குத் தள்ளினால் அவன் இரண்டையும் விட்டுவிடுவான் என்று கேட்பவர்கள் இருக்கலாம். நியாயமான கவலை. ஆனால் ஆசையை மறுக்கச் சொல்லவில்லை, அதற்கு வழி போடச் சொல்கிறேன். கம்பை ஒழுங்காகப் பழகினால் அடுத்த பருவத்தில் நுன்சாக் உண்டு என்று தேதி குறித்துச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் காத்திருப்பார்கள். தவிர, கராத்தே வகுப்பு என்றாலே நுன்சாக் வகுப்பு என்ற எண்ணமும் சரியல்ல. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. அதில் தனியாகச் செய்து காட்டும் கட்டாவும் இருவர் மோதும் குமிட்டேயும் இருந்தன, எந்த ஆயுதமும் இல்லை. கொபுடோவைத் தனியாகப் பயிலாமல், மேடை நிகழ்ச்சிக்காக மட்டும் நுன்சாக் சேர்த்துக்கொள்கிற வகுப்புகளில் அதைக் கற்பிப்பவர் யாரிடம் கற்றார் என்று பெற்றோர் கேட்க வேண்டும். சிலம்பத்தின் பக்கம் வந்தால் நிலைமை வேறு. தனித்திறமை, தொடுமுறை என்று போட்டிகள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிலக்கடலைக் காட்டையும் விசைத்தறியையும் ஆட்டுப்பட்டியையும் நம்பிய குடும்பத்துக்கு, பிள்ளை செலவிடும் மாலை நேரம் நாளைக்கு உதவுமா என்று யோசிக்க எல்லா உரிமையும் உண்டு.

சாதனை நிகழ்ச்சிகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இடைவிடாமல் ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கம்போ நுன்சாக்கோ சுழற்ற வைத்துச் சான்றிதழ் தருவது மாவட்டந்தோறும் வழக்கமாகிவிட்டது. பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வருகிறது, செய்தித்தாளில் படம் வருகிறது, இதில் என்ன தப்பு என்கிறார்கள். தன்னம்பிக்கை வருவதை மறுக்கவில்லை. மேடையேறிய மகளைப் பார்க்கும் தாயின் மகிழ்ச்சி சிறியதல்ல. ஆயினும் மணிக்கணக்கு அளப்பது பொறுமையை, வித்தையை அல்ல. ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் திரும்பச் செய்யும்போது மணிக்கட்டும் தோளும் களைத்துப்போய், களைத்த கை தவறான அசைவையே பழகிக்கொள்கிறது. வளரும் எலும்புக்கும் தசைநாருக்கும் அந்தச் சுமை நல்லதல்ல. நுன்சாக்கில் இன்னும் மோசம்: பிடித்து அடக்குவதுதான் பாடம் என்றால், நிறுத்தாமல் சுழற்றுவதற்குப் பரிசு தருவது பாடத்தையே தலைகீழாக்குகிறது. இடது கையால் பத்து முறை பிசகாமல் பிடிக்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள், அதற்குக் கைதட்டுங்கள். அதில் அத்தனை ஆரவாரம் இருக்காது என்பது தெரியும்.

பெண் பிள்ளைகளின் தற்காப்புக்கு என்று நுன்சாக்கை விற்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நெருக்கத்தில், பதற்றத்தில், ஒருவர் கையைப் பிடித்திருக்கும்போது, சுழற்ற இடம் தேவைப்படும் கருவி ஒன்று உதவப்போவதில்லை. தெறித்துத் திரும்பும் கட்டை வைத்திருப்பவரையே காயப்படுத்தலாம், பிடுங்கப்படவும் செய்யலாம். பிடியிலிருந்து விடுபடுவது, சத்தம் போடுவது, ஓடுவது, 181 என்ற உதவி எண்ணை நினைவில் வைத்திருப்பது ஆகியவற்றை முதலில் கற்றுக்கொடுங்கள். சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய லத்தி, கைத்தடி போன்றவற்றை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அந்த விலக்கில் நுன்சாக் அடங்குமா என்ற வாதத்தை ஒரு பதினைந்து வயதுப் பையன் பேருந்து நிலையத்தில் காவலரிடம் நடத்தும் நிலை வரக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு, ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. பயிற்சிக்குப் போகையில் பைக்குள், வந்ததும் வீட்டுக்குள் என்பதே விதியாக இருக்கட்டும்.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்பார்கள் சிலர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1974இல் தடை செய்து பார்த்தது. வீட்டில் வைத்துப் பழகுவதுகூடக் குற்றம் என்றிருந்த அந்தத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2018 டிசம்பரில் தள்ளிவிட்டது. பிரிட்டனின் திரைப்படத் தணிக்கையாளர்கள் பல ஆண்டுகள் நுன்சாக் காட்சிகளை வெட்டினார்கள். எங்கும் ஆசை மறையவில்லை. தடை போட்ட இடத்தில் நல்ல வாத்தியார் ஒதுங்கிக்கொள்கிறார், குழாயும் ஆணியும் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தனியே பழகுகிறவன் மட்டும் மிஞ்சுகிறான். அதேபோலக் காணொளிகளையும் நான் முழுதாக ஒதுக்க மாட்டேன். ஏற்கெனவே கம்பு தெரிந்தவருக்கு மெதுவாக ஓட்டிப் பார்க்கிற காணொளி நல்ல துணை. ஆனால் எதிரில் நிற்பவரின் இடமும் வலமும் மாறித் தெரிவதையும், பார்ப்பவரின் விரல் கட்டையை எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதையும் திரை திருத்தித் தராது.

மேச்சேரியில் இதற்குப் பெரிய செலவு தேவைப்படாது. பத்ரகாளியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கு ஊரே கூடுகிற இடத்தில், பள்ளி மைதானத்தில் ஒரு மூலையை வாரம் மூன்று மாலை கம்புப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பேரூராட்சி இரண்டு விளக்கு போட்டுத் தரலாம், பெற்றோர் ஆசிரியர் கழகம் பத்து ஸ்பாஞ்சு நுன்சாக் வாங்கிப் பூட்டிய பெட்டியில் வைக்கலாம். சாவி வாத்தியாரிடம் இருக்கட்டும், காலடி தேறிய பிள்ளைகளுக்கு மட்டும் அவர் பெட்டியைத் திறக்கட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதை ஊர்க்காரர்கள் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.