இன்னும் ஒரே ஒரு வருடம்

அன்புள்ள வாசகர்களுக்கு,



இந்த ஆண்டு முழுவதும் பத்திரிகை வேலையாகக் கொங்கு நாட்டின் பழைய மிஷனெரிப் பாதைகளில் சுற்றினேன். கோவை, கருமத்தம்பட்டி, ஈரோடு, சேந்தமங்கலம், கொல்லிமலை என்று ஒவ்வொன்றாக எழுதி வந்ததை நீங்கள் படித்தீர்கள், கடிதம் எழுதினீர்கள். அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று உண்டு. "அங்கே எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்? அதை ஏன் எழுதுவதில்லை?"

கேட்டவர்களின் மனம் எனக்குத் தெரியும். விடியற்காலையில் எழுந்து ஊழியர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவர்கள் நீங்கள். மாதச் சம்பளத்தில் முதலில் காணிக்கையை எடுத்து வைக்கிறவர்கள். உங்களுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அந்தப் பதிலைக் கொல்லிமலையிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று அந்த மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச்சாலை போகிறது. 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மிஷனெரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் ஹாரிஸும் திருமணம் முடித்த கையோடு மலை ஏறியபோது சாலை கிடையாது. மணப்பெண்ணை டோலியில் தூக்கிப் போனார்கள். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. லண்டனில் வசதியான வியாபாரியின் மகளாகப் பிறந்து ஓவியம் கற்ற எவலின், தொப்பலாக நனைந்த மணக்கோலத்தோடுதான் தன் புதுவீட்டுக்குள் காலெடுத்து வைத்தார்.

ஜெஸ்ஸி டாக்டர் அல்ல. வெப்பநாட்டு நோய்களைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்திருந்தார், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பல் பிடுங்கினார், புண்களைக் கழுவிக் கட்டினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். அந்நாளில் மலையில் நரம்புச் சிலந்தி நோய் கடுமையாக இருந்தது. குடிக்கிற தண்ணீர் வழியே உடம்புக்குள் போகும் புழு மாதக்கணக்கில் வளர்ந்து, காலில் கொப்புளமாக உடைத்துக்கொண்டு தலை காட்டும். அதை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே நின்றது சீழ் வைத்துக் காலையே கெடுத்துவிடும். ஜெஸ்ஸி நாள்தவறாமல் அந்தக் கால்களின் அருகே குனிந்து உட்கார்ந்தார். ஜனங்கள் குடிதண்ணீரில் கால் வைத்து இறங்காதபடி கிணறுகளைக் கட்டவும் சொல்லிக் கொடுத்தார். பள்ளிகள் தொடங்கினார், தச்சு வேலை கற்பித்தார், பட்டுப்புழு வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்.

இத்தனைக்கும் பிறகு, முதல் சில ஆண்டுகளில் அந்த மலையில் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். பிறகு ஒரு கொள்ளைக் காய்ச்சல் வந்தது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்த படுக்கையானபோது, தொற்றுக்குப் பயந்து உறவுக்காரர்கள்கூட வாசலை மிதிக்கவில்லை. ஜெஸ்ஸியும் எவலினும்தான் அருகில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் குழந்தைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மலையில் கதவுகள் திறக்கத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

இந்தக் கதையை மிஷனெரிக் கூட்டங்களில் சொல்லும்போது பூசாரியின் மரணப் படுக்கைக்கு நேராகத் தாவிவிடுகிறோம். அதற்கு முன்பு கழிந்த வருடங்களை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கொல்லிமலையில் நின்று யோசித்தபோது எனக்கு அந்த வருடங்களே பெரிதாகத் தெரிந்தன. 1915-இல் நம் பத்திரிகை வந்துகொண்டிருந்து, நாம் இன்று கேட்கிற கணக்கை அன்று கேட்டிருந்தால், ஜெஸ்ஸி பிராண்டின் பெயருக்கு எதிரே பூஜ்யம் என்று அச்சிட்டிருப்போம். அவருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தும்படிகூட யாராவது எழுதியிருப்பார்கள்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி மலைக் காய்ச்சலில் இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன். ஒன்பது வயதில் அப்பாவைப் பிரிந்தவன். இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் அப்பா முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. மலையின் மரங்களைப் பற்றியும் ஆண்டவரின் படைப்பைப் பற்றியும் எழுதுகிற அப்பா அவர். அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் திரும்ப நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். ஜெஸ்ஸி தன் உழைப்பின் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதியிருக்க முடியும்?

எவலினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதை நெருங்கிய வயதில், இனி மலைக்கு வேண்டாம், ஓய்வு பெறுங்கள் என்று அவருடைய மிஷன் சொன்னது. இன்னும் ஒரே ஒரு வருடம் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்த வருடம் முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, தன் சொந்தப் பொறுப்பில் மலையிலேயே தங்கிவிட்டார். மட்டக்குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போனார். குதிரையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தும் விடவில்லை. கால் தளர்ந்தபின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன் மலை, பச்சைமலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். ஒரு வருடம் கேட்டவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் இருந்தார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தபோது, ஜெஸ்ஸிக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மலைமக்கள் திரண்டு வந்திருந்தார்கள்.

ஒரு வருடப் பயணத்தைப் பெரிதாக எழுதிக்கொண்டிருந்த எனக்கு, எவலின் கேட்ட அந்த ஒரு வருடம் நிறைய சொன்னது. போவது சுலபம். தங்குவதில்தான் ஊழியம் இருக்கிறது. இன்று ஜீப்பில் காலையில் மலையேறி, கூட்டம் நடத்தி, படம் எடுத்து, சாயங்காலம் இறங்கிவிட முடிகிறது. அப்படிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கொண்டுபோகிற மருந்தும் போர்வையும் தேவைதான். ஆனால் மலையில் தங்கியிருக்கிற உபதேசியாரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மழைக்காலத்தில் அவர் வீட்டு ஓடு ஒழுகுவதை யார் கேட்டோம்?

கருமத்தம்பட்டிக்கு வருகிறேன். அவிநாசி சாலையில் பஸ்ஸில் போகிறபோது நாம் சாதாரணமாகக் கடந்துவிடுகிற ஊர். அங்கேயுள்ள செபமாலை அன்னை ஆலயத்தின் பழமை பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1846 அக்டோபர் 4-ஆம் தேதி அந்த ஊரில் 32 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆயராக அபிஷேகம் பெற்றார் என்பது அவ்வளவாகத் தெரியாது. மெல்க்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். கோவையின் முதல் ஆயர் அவர். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும் என்பது அவர் மூச்சாக இருந்தது. பெரிய கடை வீதியில் இன்று நிற்கும் புனித மிக்கேல் பேராலயத்தின் கட்டுமானம் அவர் காலத்தில் தொடங்கி, அவர் போய்ப் பல ஆண்டுகள் கழித்து முடிந்தது.

அவரை உடைத்தது சாதி. சபைக்குள் சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்பதில் மிஷனெரிகளே இரண்டுபட்டுக் கிடந்தார்கள். தன் மனசாட்சிக்குத் தெளிவு கிடைக்காமல் ஆயர் பொறுப்பில் இருக்க முடியாது என்று ரோமாபுரிக்குப் போனார். 1855-இல் பதவியைத் துறந்தார். இங்கே தோற்றுப் போனவராகத்தான் அவரைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1856-இல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். ஆறு வாரத்தில், ஜூன் 25-ஆம் தேதி, மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அந்தச் சபை இன்றும் ஆப்பிரிக்க நாடுகளில் பணி செய்கிறது. 2020-இல் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

அவர் மனசாட்சியை அரித்த கேள்வி நம்மை விட்டுப் போய்விட்டதா? இந்த ஆண்டு நான் போன ஓர் ஊரில் ஒரே சபைக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருந்தன. ஏன் என்று கேட்டேன். "அது அந்தக் காலத்துலிருந்து அப்படித்தானுங்க" என்றார்கள். ஒரே அப்பத்தில் பங்கு பெற்றவர்கள் மண்ணுக்குள் போகும்போது பிரிந்து போகிறார்கள். இது பாவம். இதை வேறு பெயர் சொல்லி மென்மையாக்க எனக்கு மனம் வரவில்லை. லண்டன் மிஷனெரி சங்கத்தின் டபிள்யூ. பி. அடிஸ் 1830-இல் கோவைக்கு வந்து இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்த இருநூறாவது ஆண்டை விழா எடுத்துக் கொண்டாடுவதற்கு முன் இந்தச் சாதிச் சுவரை நாம் இடித்தாக வேண்டும்.

ஈரோட்டைப் பற்றிப் போன இதழிலேயே எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பணியாற்றிய ஹெச். ஏ. பாப்லி கர்நாடக இசையைக் கற்று, பாட்டும் கதையுமாகக் காலட்சேப முறையில் நற்செய்தி சொன்னார். இந்திய இசையைப் பற்றி 1921-இல் நூல் எழுதினார். திருக்குறளில் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தார். அது 1931-இல் வெளிவந்தது. கொடுக்க வந்தவர் முதலில் இந்த மண்ணிடம் மாணவராக உட்கார்ந்தார். அதனால்தான் அவர் சொன்னதை ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

வாங்கிக்கொள்ளும் அந்த மனம் எனக்கும் இந்த ஆண்டு வாய்த்தது. கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டில், வழி கேட்கத்தான் நின்றேன். அந்த வீட்டு ஆத்தா, "மொதல்ல திண்ணைல ஒக்காந்து மோரு குடிங் சாமி, வழி எங்கீங்க ஓடிப் போவுது" என்றார். நான் யார், என்ன சாதி, எந்தக் கோயில் என்று எதுவும் கேட்கவில்லை. மோர் குடித்து முடிப்பதற்குள் மகனைக் கூப்பிட்டு மெயின் ரோடு வரைக்கும் வழிகாட்ட அனுப்பினார். அந்த ஆத்தாவிடம் நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கிளம்பும்போது, "உங்க குடும்பத்துக்காக நான் ஜெபம் பண்ணட்டுமாங்க ஆத்தா?" என்று மட்டும் கேட்டேன். "பண்ணுங் கண்ணு, எந்தச் சாமி கேட்டாலும் நல்லதுதானுங்" என்றார்.

ஆண்டவர் எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது பணப்பையும் மிதியடியும் இல்லாமல் போகச் சொன்னதை லூக்கா எழுதியிருக்கிறார். எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்ட பகுதி. போகிறவன் ஊராரின் அன்னத்தையும் தண்ணீரையும் நம்பிப் போக வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு என்பது எனக்கு அந்தத் திண்ணையில்தான் விளங்கியது. பசியோடு போகிறவன் அதிகாரம் பண்ண முடியாது. நன்றி சொல்லத்தான் முடியும்.

பயணத்தில் என் ஜெபமும் மாறியது. முன்பெல்லாம் பஸ் ஏறும்போது, இந்த ஊரை எனக்குத் தாரும் என்று ஜெபிப்பேன். இப்போது, இந்த ஊரில் நீர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை எனக்குக் காட்டும் என்று கேட்கிறேன். காட்டினார். மலைப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் தானே கறுப்படித்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவரை, திருப்பூரில் ஷிஃப்ட் முடிந்து வருகிற வடமாநிலத்துப் பையன்களுக்கு ராத்திரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியை, நோயாளி மாமியாரைப் பத்து வருடமாகத் தூக்கிக் குளிப்பாட்டும் ஒரு தங்கச்சியை. இவர்களில் யாரும் எந்த மிஷனின் அறிக்கையிலும் இல்லை.

ஆகவே, உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்த எண்ணிக்கை என்னிடம் இல்லை. இனித் தேடப் போவதும் இல்லை. வரும் ஜனவரி இதழிலிருந்து நம் 'பணித்தளச் செய்திகள்' பகுதியில் ஞானஸ்நான எண்ணிக்கை அச்சிடப்படாது. ஆசிரியர் குழு ஒருமனதாக எடுத்த முடிவு இது. சில வாசகர்களுக்கு வருத்தம் வரலாம். வருத்தத்தை எனக்கு எழுதுங்கள், ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுகிறேன்.

பணித்தளங்களிலிருந்து எழுதும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் தங்கியிருக்கும் ஊரைப் பற்றி எழுதுங்கள். அங்கே யார் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், யாருடைய துக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது, உங்கள் வீட்டு ஓடு ஒழுகுகிறதா என்று எழுதுங்கள். ஒன்றும் நடக்காத மாதமாக இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதையும் அச்சிடுவோம், அதற்காகவும் ஜெபிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்