சோதனைப் பட்டைக்குத் தப்பும் சிறுநீரகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக நாள். அன்று மருத்துவமனைகள் பேரணி நடத்துகின்றன. நாளிதழ்களில் மருத்துவர்களின் பேட்டிகள் வருகின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், ரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள், உப்பைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்கிறார்கள். எதுவும் தவறான ஆலோசனை இல்லை. ஆனால் அந்த உப்பை விளைவிக்கிறவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி அங்கே பேச்சே எழுவதில்லை. அரசு நடத்தும் பரிசோதனையும் அவர்களுக்கு வரும் நோயைக் கண்டுபிடிக்கும் விதத்தில் அமையவில்லை. அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, 2023இல் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 78.8 கோடிப் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 1990இல் இந்த எண்ணிக்கை 37.8 கோடி. சீனாவில் 15.2 கோடிப் பேர். அடுத்த இடத்தில் இந்தியா, 13.8 கோடிப் பேர். உலகில் உயிர் பறிக்கும் காரணங்களின் வரிசையில் இந்நோய் ஒன்பதாம் இடத்துக்கு வந்துவிட்டது. 2025 மே மாதம்தான் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலத்துக்கென்று தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இந்த எண்ணிக்கைக்குப் பெரும் காரணம் நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் என்பதில் சந்தேகமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதும், வயதுவந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக்கொதிப்பு இருப்பதும் தெரியவந்தன. முதுமை, உடற்பருமன், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருப்பது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இவ்வளவும் பலமுறை எழுதப்பட்டவை. சர்க்கரையும் இல்லாமல், கொதிப்பும் இல்லாமல் சிறுநீரகம் கெடுகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது அந்த அளவுக்கு வெளியே வரவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையும் பொது சுகாதாரத் துறையும் 2023இல் மாநிலத்தின் வெவ்வேறு வேளாண் மண்டலங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தன. மூன்று மாதம் விட்டு மறுபடி சோதித்து உறுதிசெய்தபோது, நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நீரிழிவு, ரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயில்தான் முதன்மையான சந்தேகத்துக்கு உள்ளானது. உப்பளத்திலும் இதே கதை. சென்னை ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றில் ஏழு பேரின் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது.

வெயில் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது? ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு மீதியை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. வேர்வையாய் நீர் போய்க்கொண்டே இருந்து, குடிப்பது போதாமல் ஆனால், சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறையும். வெப்பத்தில் கடும் உழைப்பு உழைக்கும்போது தசைகள் சிதைந்து சேரும் கழிவையும் கூடிப்போகும் யூரிக் அமிலத்தையும் அந்தக் குறைந்த நீரில்தான் அது வெளியேற்ற வேண்டும். அன்றைக்கு நீர்க்கடுப்பு வரும்; ராத்திரி தண்ணீர் குடித்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடும். மறுநாள் திரும்பவும் அதே வெயில். பல கோடைகள் இப்படிப் போனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தழும்பு விழுந்து நிலைத்துவிடுகிறது. இடுப்புவலிக்கும் முழங்கால்வலிக்கும் போடும் வலி மாத்திரை, ஏற்கெனவே குறைந்துபோன ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கிறது.

தண்ணீர் குடித்தால் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்திகள். வெள்ளை உப்பில் பட்டு எதிரடிக்கும் வெளிச்சம். ஒதுங்க மரமில்லை, மறைவுக்குச் சுவரில்லை. பெரும்பாலான இடங்களில் கழிப்பறை கிடையாது. பாத்தியில் இறங்கும் பெண்கள் வேலைக்கு வருமுன்னும் வேலை நேரத்திலும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. நீர்க்கடுப்பையும் தொற்றையும் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் அந்தப் பெண்களிடம் நாளைக்கு மூன்று லிட்டர் குடியுங்கள் என்று துண்டறிக்கை கொடுப்பது எவ்வகையிலும் நியாயமில்லை. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமே பணியிடத்தில் குடிநீரும் நிழலும் வேண்டும் என்று எழுதிவைத்தது. அதைவிடக் கடுமையான வெயிலில் நிற்கும் உப்பளத் தொழிலாளிக்கு அந்த அளவும் கிடைக்காதது வெட்கக்கேடு.

இனி பரிசோதனைக்கு வருவோம். தமிழக அரசு 2023இல் ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம், இப்படி யோசித்த மாநிலங்கள் அதிகமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, புரதம் கசிகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். கசிந்தால் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெடும்போது வடிகட்டியே பழுதாவதால் புரதம் தொடக்கத்திலேயே கசியும். பட்டை நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வெயிலால் வரும் நோய் வடிகட்டியை விட்டு நுண்குழாய்களைத் தாக்குகிறது. அதில் புரதம் மிகக் குறைவாகவே கசிகிறது, பலருக்குக் கசிவதே இல்லை. உப்பளத் தொழிலாளியின் சிறுநீரில் பட்டை நிறம் மாறாது. ‘ஒன்றுமில்லை, போகலாம்’ என்று அனுப்பிவைக்கப்படுவார். அவருடைய சிறுநீரகம் பாதிக்குமேல் போயிருக்கக்கூடும்.

இந்த நோயைப் பிடிக்க ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அரசு ஆய்வகங்களில் அன்றாடம் செய்கிற சாதாரணச் சோதனைதான் அது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரே 1.2 மில்லிகிராம் என்ற அளவு, 25 வயது ஆணுக்கு வந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 86 என்று கணக்காகும், கவலையில்லை. அதே 1.2 ஒரு 55 வயதுப் பெண்ணுக்கு வந்தால் வடிகட்டும் வேகம் 53தான். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். பல ஆய்வக அறிக்கைகளில் 1.2க்கு நேரே ‘இயல்பு’ என்றே அச்சாகிறது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டு அச்சிட ஒரு சூத்திரம் போதும். தனிச் செலவு எதுவும் கிடையாது. அதைக்கூடக் கட்டாயமாக்காமல் இருப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் பகுதி முந்திரி, தென்னை விவசாயிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பலாசாவில் அவர்களுக்கென்று சிறுநீரக ஆராய்ச்சி மருத்துவமனை 2023 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990களிலேயே நோய் தெரியவந்தது. அங்கே நிலத்தடி நீரின் கடினத்தன்மை, ஃபுளூரைடு, பூச்சிக்கொல்லி, வெப்பம் என்று காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்கள் முப்பது, நாற்பது வயதிலேயே டயாலிசிசுக்கும் சாவுக்கும் போனார்கள்.

அந்த மத்திய அமெரிக்காவிலிருந்துதான் உருப்படியான வழியும் வந்திருக்கிறது. நிகராகுவாவின் சிச்சிகால்பா ஊரில் ஒரு பெரிய சர்க்கரை ஆலை, வெட்டுகிறவர்களுக்கு நகர்த்தக்கூடிய நிழற்கூடாரம், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், கட்டாய ஓய்வு மூன்றையும் கொடுத்தது. ஓய்வு நேரத்தைக் கூட்டக் கூட்ட, அறுவடைக் காலத்தில் சிறுநீரகக் காயம் அடைகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. காரணத்தைப் பற்றிய கடைசி விவாதம் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. பதினைந்து கோடைகள் சேர்ந்து ஒருவரின் சிறுநீரகத்தைத் தின்றுமுடித்தால் அந்த அறிவிப்பில் அவருக்கு எதுவும் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் இருக்கிறது, வரவேற்கத்தக்கது. உடம்பு கெடுவதோ வேலை உள்ள வெயில்காலத்தில். அதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை. முதல்வரின் காப்பீட்டில் டயாலிசிஸ் கிடைக்கிறதே என்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறவர் எந்தப் பாத்தியில் இறங்கிக் கூலி வாங்குவார்? கூடவே வருகிறவரின் கூலியும் அன்றைக்குப் போச்சு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உப்பளம், செங்கல் சூளை, வயல், கட்டுமானம் என வெயிலில் உழைக்கிறவர்கள் அனைவருக்கும், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடைக்கு முன்பும் கோடை முடிந்த பிறகும் ரத்த கிரியேட்டினின் பார்க்க வேண்டும். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களால் பாத்தி தேடியும் போக முடியும். அரசு, தனியார் என எல்லா ஆய்வகங்களும் வடிகட்டும் வேகத்தை அறிக்கையில் அச்சிட வேண்டும். நிழல், குடிநீர், ஓய்வு, பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத உப்பளத்தின் குத்தகையைப் புதுப்பிக்கக் கூடாது. தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கிவிடுவார்கள். தொழிலாளர் நலத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் அதற்குள் கூட்டாக ஓர் ஆணை பிறப்பித்து, முதல் சுற்று ரத்தப் பரிசோதனையைப் பங்குனி வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி